வலி தெரியாவிட்டால் காயமில்லை என்று பொருளா?

கேள்வி: சென்ற வாரம் பின்னால் வந்த வண்டி என் காரை இடித்தது. வலி ஏதும் தெரியாததால், அந்த ஓட்டுநர் தந்த தொகையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். மறுநாள் முதல் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், மற்றவை பிறகு. பின்னாலிருந்து இடிபடும்போது தலை சட்டென முன்னும் பின்னும் உலுக்கப்படுவதால் கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடுவதால், அது பல மணி நேரம் கழித்தே தெரியவருவது இயல்புதான். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, மயக்கம், கைகால் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

விபத்து நடந்த இடத்தில் எஞ்சினை அணைத்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, வண்டிகளை நகர்த்துமுன் அவை நின்ற நிலையையும் பதிவு எண்களையும் படமெடுத்திருக்க வேண்டும். சாட்சிகளின் தொடர்பு எண்ணும் உதவும். கையில் பணம் வாங்கியதுதான், என் கருத்தில், பெரிய பிழை. சேதத்தின் அளவு தெரியாமல் எவரும் விலை பேசலாகாது. எழுத்தில் ஏதேனும் கையொப்பமிட்டீர்களா என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, நடந்ததையும் வாங்கிய தொகையையும் மறைக்காமல், மருத்துவச் சான்றுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.