பத்தரை மணிக்கு விடிந்த பொங்கல்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒற்று மிகுமா மிகாதா, பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுவேன். சென்ற இதழில், ஜனவரி மாதம் நம் மொரீஷியஸிலிருந்து மகளோடும் மாப்பிள்ளையோடும் ஃபின்லாந்து, நார்வே நாடுகளின் வடகோடிக்குப் போய்ப் பதினோரு நாள் பனியில் இருந்துவிட்டு வந்தேன் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் பனிதான். இலக்கணம் ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும்.

கியூர்பிப் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நடமாடுகிறவன் நான். அந்தக் குளிர் என்னை என்ன செய்துவிடும்? (கியூர்பிப் வாசகர்)

ஐயா, உங்கள் ஊர்க் குளிர் எனக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் தமிழ் கற்பித்ததில் ஆறு வருடம் அங்கேதான் குடையும் கையுமாக அலைந்தேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டில் ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி மைனஸ் 18 டிகிரி. அதற்குள் நீங்கள் புகுந்து, அங்கிருந்து இன்னும் ஒன்பது டிகிரி கீழே இறங்கினால், ஃபின்லாந்தின் ரோவனியெமி ஊரில் நாங்கள் இரவு ரயிலை விட்டு இறங்கிய காலை. மைனஸ் 27. அந்த நாட்டுக்காரர்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. 1999 ஜனவரியில் கித்திலா வட்டாரத்தில் மைனஸ் 51.5 வரை போனது அவர்கள் நாட்டுச் சாதனை.

முதல் மூச்சிலேயே மூக்கின் உள்மயிர் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யாரோ மூக்குக்குள் துடைப்பக் குச்சியை வைத்தது போல இருந்தது எனக்கு. காலடியில் பனி கறுக் கறுக்கென்று முறுக்குக் கடிக்கிற சத்தம் போடும். வலியே இல்லை, அதுதான் ஆபத்து. ரயில் நிலையத்திலிருந்து தங்கும் வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. பாதி வழியில் இரண்டு காது மடலும் இருப்பதாகவே தெரியவில்லை. தொட்டுப் பார்த்த மகள் பதறிவிட்டாள். காரணம் என் தங்கத் தோடு. உலோகம் குளிரை வாங்கி நேராகச் சதைக்குள் இறக்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகு காதை விட்டு இறங்காத தோட்டை நடுத்தெருவில், கையுறையைக் கழற்றிவிட்டு, அவள்தான் திருகிக் கழற்றினாள். தோடு என் கைக்கு வந்தபோது பனிக்கட்டித் துண்டு போல இருந்தது. மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை, பதினோரு நாளும் கம்பளிச் சால்வையால் மூடிக்கொண்டு திருடி போல நடந்தேன். கழுத்துச் சங்கிலி துணிகளுக்கு அடியில் உடம்புச் சூட்டோடு இருப்பதால் அது ஒன்றும் செய்யவில்லை.

புடவை கட்டலாமா? இங்கே எந்தக் கடையிலும் பனி உடை கிடைக்கவில்லையே? (வாக்வா வாசகி)

இங்கே தேடி அலையாதீர்கள், சகோதரி. அங்கே பனி உடையும் காலணியும் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். நீங்கள் சொந்தமாக வாங்க வேண்டியது உள்ளே போடும் கம்பளி உடை மட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். நம் வெயிலுக்கு உயிர் கொடுக்கும் பருத்தி, அங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே உடம்பில் கிடந்து நடுக்கத்தைத் தரும். இன்னொன்று, கெட்டிக்காரத்தனமாக இரண்டு சோடி காலுறை மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். காலணி இறுகி ரத்தம் ஓடாமல் விரல்கள் மரத்துப்போயின. ஒரே சோடி தடித்த கம்பளி, விரலை ஆட்ட இடமுள்ள காலணி, போதும்.

புடவை வீட்டுக்குள் கட்டலாம். சுவரும் மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னலும் வைத்து வீட்டை இருபத்தோரு இருபத்திரண்டு டிகிரியில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் கடைசி நாள் வரை உருகவில்லை.

தைப்பொங்கலன்று கோயிலில் உங்களைக் காணவில்லை. நாத்திகர் ஆகிவிட்டீர்களா? (ரோஸ்ஹில் வாசகி)

கையெழுத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், அக்கா. பொங்கல் வைத்தேன். கேளுங்கள்.

அரிசிக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள் கிறிஸ்துமஸ் நாட்களில் குண்டு அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடுகிறார்கள். நம் பால் பொங்கலுக்குத் தங்கை முறை. ஒரே ஒரு பாதாம் பருப்பை உள்ளே ஒளித்து வைப்பார்கள், யார் தட்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். கஞ்சிக்கென்றே அந்த அரிசி அட்டைப் பெட்டியில் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வெல்லத்துக்குப் பதில் நம் தீவின் கறுப்புச் சர்க்கரை, ரோஸ்ஹில்லிலிருந்து பெட்டியில் கூடவே வந்தது.

சிக்கல் சூரியனிடம்தான். விடியும்போது பொங்க வேண்டும் என்று ஐந்து மணிக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு. மாப்பிள்ளை எழுந்து காபி குடித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார். வெளியே நடுநிசி போல இருட்டு. ஒன்பதுக்கு மேல் வானம் நீலமானது, பிறகு ரோஜா நிறம். பத்தரைக்குத் தெற்கை ஒட்டி, பைன் மரங்களின் நுனியில் ஒரு குங்குமப் பொட்டு. அதைப் பார்த்துக் கைகூப்பிய நேரம் பின்னால் பால் பொங்கி வழிந்தது. கண்ணாடி அடுப்பில் சர்க்கரைப் பால் கருகியது, கூரையிலிருந்த புகை மணி அலறியது. குலவையிட ஆள் இல்லையே என்ற குறை தீர்ந்தது. அந்தச் சூரியன் மேலே ஏறவே இல்லை. நண்பகலிலும் அடிவானத்துக்கு மேல் இரண்டு விரல்கடைதான். அப்படியே வலப்பக்கம் உருண்டு இரண்டரைக்குள் இறங்கிவிட்டது.

அடுப்பைச் சுரண்டியது மகள். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் எழுதுவாள்.

விசா எடுப்பது கடினமா? (மாயேபூர் வாசகர்)

நம் மொரீஷியஸ் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா விதியில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பணம் மட்டும் வேறு: ஃபின்லாந்தில் யூரோ, நார்வேயில் குரோன. மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள், வழுக்கி விழுவது அங்கே ஒரு தேசியப் பழக்கம்.

துருவ ஒளி நிச்சயம் தெரியுமா? அதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்ய நினைக்கிறோம். (காத்ர் போர்ன் தம்பதி)

அதற்காக மட்டும் என்றால் போகாதீர்கள். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தோடு சேர்ந்து துருவப் பக்கம் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்றில் மோதுகின்றன. அங்குள்ள ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது, இன்னும் உயரத்தில் சிவப்பாக. அவ்வளவு உயரத்தில் நடக்கிற கூத்தை ஒரு சாதாரண மேகம் மறைத்துவிடும். பணம் கட்டி வண்டியில் ஏறி, விடிய விடிய மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை நானே பார்த்தேன். பணம் கட்டுவதற்குமுன் நிபந்தனையைப் படியுங்கள்.

நாங்கள் ஃபின்லாந்தின் வடக்கே இருக்கிற இனாரி ஏரியில், மூன்றாம் இரவு பார்த்தோம். முதலில் சாம்பல் நிறத்தில் புகைக் கோடு போலத்தான் இருந்தது. மகளின் கேமராவில்தான் பச்சை. பிறகு திடீரென்று திரைச்சீலையை யாரோ உதறியது போல அசைந்தது, அப்போது வெறுங்கண்ணுக்கும் பச்சை தெரிந்தது. ஏழெட்டு நிமிடம். ஃபின்னிஷ் மொழியில் இதற்கு ‘நரி நெருப்பு’ என்று பெயர்: நரி ஓடும்போது வாலால் பனியை வானத்துக்கு வாரி அடிக்கிறதாம். என் கைபேசி அந்த நேரம் பார்த்துக் குளிரில் செத்துவிட்டது. மின்கலத்தில் பாதி இருந்தது, பயனில்லை. கைபேசியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

ஆனால் அந்த இரவில் நான் மறக்காதது வேறு. ஒளி அடங்கியபின் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன், ஏறக்குறைய உச்சியில் ஒற்றை நட்சத்திரம். மாப்பிள்ளைதான் சொன்னார், துருவ நட்சத்திரம் என்று. முப்பத்திரண்டு வருடம் துருவன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தந்தை மடியில் இடம் கிடைக்காத பிள்ளை, தவம் செய்து, அசையாத இடத்தைப் பெற்றான் என்று கரும்பலகையில் ஐந்து முனை வரைந்து காட்டியிருக்கிறேன். நம் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. அந்த நட்சத்திரம் நமக்கு ஒருநாளும் உதிக்காது. பார்க்காததையே இத்தனை வருடம் கற்பித்திருக்கிறேன்! சப்தரிஷிகளும் அருந்ததியும் அவனைச் சுற்றி மறையாமல் வந்துகொண்டிருந்தார்கள். இங்கே கல்யாண வீட்டில் பட்டப்பகலில் ஐயர் கைகாட்டும் திசையில் தலையாட்டிவிட்டு வருகிறோமே, அந்த அருந்ததி. அறுபத்து மூன்று வயதில் பார்த்தேன். கணவர் இருந்திருந்தால் அவருக்கும் காட்டியிருப்பேன்.

அங்கே கார் ஓட்டுவது எப்படி? நான் டாக்சி ஓட்டுகிறவன். (திரியோலே வாசகர்)

தம்பி, முதலில், சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பலரும் சிறிய ஆணி பதித்த டயர் போடுகிறார்கள். கார் நிறுத்தும் இடங்களில் மின்கம்பம் இருக்கும், வண்டியின் மூக்கில் ஒயரைச் செருகி இரவில் இஞ்சினைச் சூடாக்குவார்கள், மாட்டுக்குத் தீனி வைப்பது போல. துருவ மான்கள் நடுச்சாலையில் நின்று ஹாரனுக்கும் அசையாது. ஃபின்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு, காதில் வெட்டிய குறியே அடையாளம். யாரிடமும் ‘உங்களுக்கு எத்தனை மான்’ என்று கேட்டுவிடாதே. வங்கிக் கணக்கில் எவ்வளவு என்று கேட்பதற்குச் சமம். நான் கேட்டேன். அந்த மனிதர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஃபின்லாந்தில் எடுத்த வாடகைக் காரை நார்வேயில் விட்டால் கட்டணம் கொள்ளை. மாப்பிள்ளை இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளைப் பார்த்தீர்களா? (சுயாக் வாசகர்)

அவர்களுக்குச் சாமி மக்கள் என்று பெயர், நம் காதுக்கு எப்படி இருக்கிறது பாருங்கள். ‘லாப்’ என்ற பழைய பெயரைச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கு இழிவு. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். இனாரியில் ஊர்ப் பலகையில் பெயர் நான்கு வரியில் இருக்கிறது: ஃபின்னிஷ் ஒன்று, சாமி மொழிகள் மூன்று. பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். நம் ரூபாய் நோட்டில் தமிழைக் கண்ட வெளிநாட்டார் இப்படித்தான் நிற்பார்கள் போலும்.

முன்பு விடுதிப் பள்ளிகளில் சாமிப் பிள்ளைகள் தாய்மொழியை இழந்தார்கள். இனாரி சாமி மொழி பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். 1997ல் ‘மொழிக் கூடு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் இல்லை, இலக்கணம் இல்லை. பள்ளி வயது வராத குழந்தைகளை வைத்துக்கொண்டு, சோறு ஊட்டுவது முதல் மூக்குச் சிந்துவது வரை எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே பேசுவது. இப்போது அந்தக் கூட்டில் வளர்ந்தவர்களுக்கே பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. வீட்டில் கிரியோல், பள்ளியில் வாரம் சில மணி நேரம் தமிழ் என்று ஓட்டிய எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கமில்லை. நானோ பிள்ளைகளை ஒற்றுப்பிழைக்கு முட்டி போட வைத்தவள்.

சூரியனே வராத ஊரில் மனிதர் எப்படி இருக்கிறார்கள்? இன்னும் வடக்கே போகப் போகக் குளிர் கூடுமல்லவா? (பொ பாசேன் வாசகி)

இரண்டாவதற்கு முதலில் பதில். கூடாது. ரோவனியெமியைவிட வடக்கே இருக்கிற நார்வேயின் துரோம்சோவில் நாங்கள் போனபோது மைனஸ் 4தான். அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையோரம் வருவதால் துறைமுகம் உறைவதில்லை. அதற்கு எவ்வளவோ தெற்கே, ஃபின்லாந்தின் கெமி ஊரில், கடல் உறைந்து கிடக்கிறது.

துரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. கும்மிருட்டு என்று நினைக்காதீர்கள். நண்பகலையொட்டிச் சில மணி நேரம் மைவிட்ட நீரைப் போல ஒரு நீலம் இருக்கும். சன்னல்தோறும் விளக்கு வைத்திருக்கிறார்கள், திரை போடுவதில்லை. கார்த்திகை இரண்டு மாதம் நீடித்தால் எப்படி இருக்கும், அப்படி. நேரில் பார்த்த எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. உங்களுக்கு வெளிச்சமும் பனியும் சேர்ந்து வேண்டுமென்றால் மார்ச் மாதம் போங்கள்.

கணக்குப்படி சூரியன் ஜனவரி 15 வாக்கிலேயே திரும்பினாலும், தெற்கே மலைகள் மறைப்பதால் ஊருக்குள் தெரிவது 21ஆம் தேதிதான். அன்று ‘சூரிய நாள்’. உள்ளே பழப்பாகு வைத்துப் பொரித்த உருண்டை ரொட்டியை ஊர் முழுக்கத் தின்கிறார்கள், அதற்குச் சூரிய ரொட்டி என்றே பெயர். நாங்கள் அன்று அங்கே இருந்தோம். வானம் மூடி, பனி கொட்டியது. சூரியனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ரொட்டிக் கடையில் வாசலைத் தாண்டி வரிசை. நான் எந்த ஊர் என்று கடைப்பெண் கேட்டாள். அதே நாட்களில்தான் நம் தீவில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நண்பகல் நிழல் காலடியில் ஒடுங்குகிறது. அதைச் சொன்னேன். ‘கொஞ்சம் அனுப்பி வையுங்கள்’ என்றாள்.

ஆறு ரொட்டி வாங்கினோம். ஐந்தை அங்கேயே தின்றுவிட்டு ஒன்றைத் தங்கைக்கென்று கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாரிஸ் வழியாக நசுங்கிக் கொண்டே வந்து சேர்ந்தது. வீட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது.