ரீஜென்சி வில்லா என்றால் என்ன?

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருந்த 1811–1820 காலத்தில் அவர் மகன்தான் இங்கிலாந்தின் பதில் ஆட்சியாளர், அதாவது ரீஜென்ட். அந்தக் காலப் பாணியில், தோட்டம் சூழத் தனித்து நிற்கும் பங்களாவே ரீஜென்சி வில்லா. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவிலுள்ள ‘தி ஹோம்’ நல்ல உதாரணம். 1818 வாக்கில் டெசிமஸ் பர்ட்டன் தன் தந்தைக்காக வடிவமைத்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை!

பார்வைக்கு வெள்ளைக்கல் மாளிகை. உள்ளே செங்கல், மேலே ‘ஸ்டக்கோ’ என்னும் சாந்துப் பூச்சு. கவரிங் நகை மாதிரிதான். லண்டன் பக்கம் செங்கல்லுக்கான களிமண் தாராளம். நல்ல கட்டடக்கல்லோ தொலைவிலிருந்து வர வேண்டும், செலவு அதிகம்.

இன்று ‘தி ஹோம்’ இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. பட்டியலில் சேர்ந்தாலே அரசுடைமை, ஆணிகூட அடிக்க முடியாது என்பது தவறு. கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றங்களுக்குத்தான் முன் அனுமதி வேண்டும்.