கினி பிக், லவ் பேர்ட்ஸ் எல்லாவற்றையும் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக முடியுமா?

சென்னையில் இரண்டு கினி பிக் (எலி இனத்துச் செல்லப்பிராணி), ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்கள், ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ வேலை அமையும் போலிருக்கிறது, கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாடுகளுக்கும் பதில் வேறு வேறு.

ஆஸ்திரேலியா என்றால் முடியாது. எவ்வளவு செலவு செய்தாலும் முடியாது. கினி பிக், ஹாம்ஸ்டர் (குட்டி எலி போன்றது) எதையும் செல்லப்பிராணியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. முயலும் சில வகைப் பறவைகளும் நியூசிலாந்திலிருந்து மட்டும் வரலாம். உங்கள் லவ் பேர்ட்ஸ் பட்ஜி என்ற குட்டிக் கிளி வகையாக இருந்தால், அதன் பூர்வீகமே ஆஸ்திரேலியாதான், ஆனாலும் சென்னையிலிருந்து அது உள்ளே வர முடியாது. நாய், பூனை வைத்திருப்பவர்களுக்குக்கூட இந்தியாவிலிருந்து நேர்வழி கிடையாது, ஆஸ்திரேலியா அங்கீகரித்த வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, அங்கிருந்து மெல்பர்ன் பக்கத்தில் மிக்கல்ஹாமில் உள்ள அரசு தனிமைப்படுத்தல் மையத்துக்கு வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எனக்கும் வந்த புதிதில் கோபம்தான். நான் இருப்பது விக்டோரியாவில். இங்கே ஜீலாங்குக்கு மேற்கே பார்வன் பார்க் என்ற பண்ணையில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து விட்டார், வந்தது இரண்டு டஜன் அளவுதான், ஆனால் அவை பெருகிப் பரவியதில் மேற்கு ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்க மட்டுமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டு 1907இல் முடித்தார்கள், அதையும் முயல்கள் தாண்டின. குயின்ஸ்லாந்தில் இன்றும் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டவிரோதம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் போய்விட்டது. ஆகவே "எப்படியாவது அனுப்பிவிடலாம் சார்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, உயிர் போவது அதற்கு.

இங்கிலாந்துக்குக் கொண்டு போகலாம், ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முயல், எலி இனங்கள் எல்லாவற்றுக்கும் ரேபிஸ் தடுப்புக்காக நான்கு மாதத் தனிமைப்படுத்தல் உண்டு, செலவு உங்களுடையது. பறவைகளுக்குப் பறவைக்காய்ச்சலை வைத்துத் தனி விதிகள். ஹாம்ஸ்டர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், அதன் ஆயுளே இரண்டு மூன்று வருடம், அதில் நான்கு மாதம் முன்பின் தெரியாத கூண்டில். கினி பிக் ஐந்து முதல் எட்டு வருடம் வரை இருக்கும், இளம் வயது, ஜோடியாக ஒரே கூண்டில் வைக்க அந்த மையம் ஒப்புக்கொள்கிறது என்றால் யோசிக்கலாம். தனித்தனியாகத்தான் என்றால் வேண்டாம்.

அப்படிக் கொண்டு போவதானால் கார்கோவில்தான் போகும். கினி பிக்கின் குடல் நிற்காமல் வேலை செய்ய வேண்டும், சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து, அதனால் "பயணத்துக்கு முன் பட்டினி போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மயக்க மருந்தும் கூடாது. பெட்டி நிறையக் காய்ந்த புல், தண்ணீர் சிந்தினாலும் சமாளிக்க வெள்ளரித் துண்டுகள். பெட்டியைச் சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் திறந்து வைத்து அதிலேயே தூங்கப் பழக்குங்கள். அப்புறம், சித்திரை வைகாசி வெயிலில் சென்னையிலிருந்து ஏற்றவே ஏற்றாதீர்கள், அவற்றுக்கு வெப்பம் தாங்காது.

நாங்கள் எங்கள் இரண்டு கினி பிக்கையும் தாம்பரத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கைவிட்டுவிட்டோம் என்று என் மகள் அழுதாள். ஆனால் அவற்றுக்கு வேண்டியது துணைக்கு இன்னொன்று, நிழல், நேரத்துக்குப் புல், கொத்தமல்லி. கவர் சரசரக்கும் சத்தம் கேட்டதும் இரண்டும் கூண்டுக் கம்பியில் முன்னங்கால் வைத்து நின்று "வீக் வீக்" என்று கத்தும், அதை இப்போது சித்தியிடமும் செய்கின்றன. வாங்கிக்கொள்பவரிடம் மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும்: இரண்டையும் பிரிக்கக்கூடாது, வைட்டமின் சி அவற்றின் உடம்பில் உற்பத்தியாகாது, அதனால் தினமும் குடைமிளகாயோ கொத்தமல்லியோ தர வேண்டும், சாப்பிடாமல் ஒரு வேளை இருந்தாலே அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாய்ப்பூனை மட்டும் பார்க்கும் டாக்டராக இல்லாமல், முயல், கினி பிக் பார்த்துப் பழகியவரின் நம்பரையும் நீங்களே விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்.

லவ் பேர்ட்ஸை மட்டும் "சுதந்திரமாக இருக்கட்டும்" என்று மொட்டை மாடியில் திறந்துவிடாதீர்கள். கூண்டிலேயே பிறந்தவை, இரை தேடத் தெரியாது, அன்று மாலைக்குள் காக்கை கொத்திவிடும். ஏற்கெனவே பறவை வளர்க்கும் வீடாகப் பார்த்து, கூண்டோடு, ஜோடியாகவே கொடுங்கள்.