மாவட்டக் கோட்டாவில் வந்தவள் என்பார்களா?

கேள்வி: அக்கா, நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. அப்பா வயல் செய்கிறார். எங்கள் வீட்டில் கம்பஸ் போகிற முதல் ஆள் நான்தான். படிப்பு முழுக்க ஆங்கிலமாம். நான் எல்லாம் தமிழில் படித்தவள். கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற உயர்தர இசட் புள்ளியும் மற்ற மாவட்டப் பிள்ளைகளைவிடக் குறைவு. ‘கோட்டாவில் வந்தவள்’ என்பார்களோ, பகிடிவதை இருக்குமோ என்று நித்திரை வருவதில்லை. முதல் வருடம் எப்படி இருக்கும்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இசட் புள்ளிக் கதையை முடித்துவிடுவோம். விஞ்ஞானப் பிரிவில் இடங்கள் பிரிக்கப்படுவது இப்படித்தான்: 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பட்டியலில் எங்கள் முல்லைத்தீவும் இருக்கிறது, கிளிநொச்சி, மன்னார், வவுனியாவும் இருக்கின்றன. 2009இல் போரில் எல்லாம் இழந்து, முகாமிலிருந்து திரும்பி, தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கிய பள்ளிக்கூடங்கள் எங்களுடையவை. அந்த ஒதுக்கீடு உங்களுக்குப் போட்ட பிச்சையில்லை. யாராவது கேட்டால், “ஓம், மாவட்ட அடிப்படையில்தான் கிடைத்தது” என்று நேராகச் சொல்லுங்கள். முதலாம் செமஸ்டர் பரீட்சைத் தாளில் மாவட்டத்தின் பெயர் எழுத இடமில்லை. அங்கே எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

ஆங்கிலம்தான் உண்மையான பாரம். முதல் சில கிழமைகள் விரிவுரையில் பாதி விளங்காது. பயப்பட வேண்டாம். நான் புதுக்குடியிருப்பிலிருந்து பேராதனைக்குப் போனபோது, கலம், இழைமணி, ஒளித்தொகுப்பு எல்லாம் நன்றாகத் தெரிந்த எனக்கு, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் கேட்டபோது புதுப் பாடம் மாதிரி இருந்தது. உங்களுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர உயிரியல் வளநூல் ஆங்கிலத்திலும் உண்டு; அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். நீங்கள் படித்துக் கிழித்த தமிழ்ப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, அதே பாடத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள். கருத்து ஏற்கெனவே தெரியும், மொழி மட்டும்தான் புதிது. கம்பஸ் தொடங்கும்வரை தினமும் இரண்டு பக்கம் போதும்.

செய்முறை வகுப்பு இன்னொன்று. எங்கள் பள்ளியில் நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டியே கிடந்தது. கம்பஸில் முதல் செய்முறையன்று பக்கத்து மேசைப் பிள்ளைகள் குமிழைத் திருகி, பார்த்து, படமும் கீறத் தொடங்கிவிட்டார்கள். உதவிக்கு நின்ற அக்காவிடம், “நான் இதைத் தொட்டதே இல்லை, காட்டித் தாங்கோ” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. குறைந்த வில்லையில் தொடங்கு, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே மேடையை உயர்த்து, பிறகு கண்ணை வைத்து மெதுவாக இறக்கு என்று என் விரலைப் பிடித்துச் செய்வித்தார். அடுத்த கிழமையே இன்னும் இரண்டு பேர் அவரிடம் போனார்கள். விளங்காததை மறைத்து வைக்கிற பிள்ளைதான் முதல் வருடத்தில் விழுகிறது. நான் பார்த்தவரை திறமை குறைந்து விழுந்தவர்கள் மிகக் குறைவு. சீனியர்மார் தாங்களாகவே பாடம் சொல்லித் தருகிற ‘குப்பி’ வகுப்புகளைத் தவற விடாதீர்கள். பரீட்சையில் எப்படி எழுத வேண்டும் என்று அங்கேதான் தெரியவரும்.

பகிடிவதை பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, பாலியல் தொல்லை அல்லது கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. பெயர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது என்று தொடங்கி, இரவில் கூப்பிடுவது, இன்ன உடுப்புத்தான் என்று கட்டாயப்படுத்துவது என்று போனால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். திகதியும் நேரமும் குறித்து வையுங்கள், மாணவர் ஆலோசகரிடம் போங்கள், வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். “எல்லாரும் பட்டதுதானே” என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா. அங்கிருந்து மன்னார் வீதியில், உங்கள் கம்பஸ் இருக்கிற பம்பைமடு. கிட்டத்தானே என்று வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறிவிடுவீர்கள். முதல் இரண்டு மாதம் அப்படிச் செய்யாதீர்கள். கூட்டாகப் படிக்கிற பழக்கமும் நட்பும் சனி, ஞாயிறில்தான் பிடிபடும். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடாத பீடங்கள் உண்டு. உங்கள் பீடத்தின் கைநூலைக் கையில் கிடைத்த அன்றே வாசியுங்கள்.

காசு விஷயம். மகாபொல புலமைப்பரிசிலோ நிதியுதவியோ கிடைத்தாலும் முதல் கொடுப்பனவு வரச் சில மாதங்கள் பிந்தலாம். அப்பாவிடம் இப்போதே சொல்லுங்கள், அறுவடைக் காசில் கொஞ்சம் அதற்கென ஒதுக்கட்டும். வருமானச் சான்றிதழுக்குக் கிராம அலுவலரிடம் இந்தக் கிழமையே போங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.