மாமியின் சாறியும் கப்பல் காற்றும்

கேள்வி: ரீச்சர், வருகிற டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறைக்கு இவருடைய தமையன் குடும்பம் ரொறொன்ரோவிலிருந்து வருகிறது. எல்லோரும் சிங்கப்பூரில் சந்தித்து அங்கிருந்து 3 இரவு கப்பல் பயணம் போகிறோம். நடுவில் ஒருநாள் பினாங்கில் இறங்கலாமாம். எங்கள் வீட்டில் நான், இவர், 13 வயது மகள், 6 வயது மகன், 71 வயது மாமி. ஒரு இரவுச் சாப்பாடு 'ஃபோர்மல்' என்று தமையனின் மனைவி செய்தி அனுப்பியிருக்கிறா. அவ கவுண் தைக்கக் கொடுத்திருக்கிறாவாம். நானும் எடுக்கவேண்டுமா? மாமி சாறியைத் தவிர வேறொன்றும் உடுத்தமாட்டா. 'என்னால் உங்களுக்கு ஏன் வெட்கம், நான் வரவில்லை' என்று சொல்லத் தொடங்கிவிட்டா. மகள் நீச்சலுடை கேட்கிறாள், அதிலும் மாமிக்கு விருப்பமில்லை. இவரோ ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும் என்கிறார். என்ன உடுப்பு, எத்தனை எடுப்பது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் மாமியிடம் போங்கள். கப்பலில் தாராளமாகச் சாறி உடுத்தலாம், அந்த ஃபோர்மல் இரவுக்குச் சாறியைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை என்று ரீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள். கோட், கவுண் என்று எழுதியிருந்தாலும் அவரவர் நாட்டு உடுப்பும் அதற்குச் சமம்தான். இரண்டு வருடத்துக்கு முன் மகள் குடும்பத்தோடு நானும் இதே சிங்கப்பூர் – பினாங்குப் பயணம் போய்வந்தேன். அந்த இரவு படியடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை, சாறி உடுத்து வந்த எங்கள் நாலு பேரையும் நிறுத்தி நிறுத்தி எடுத்தது. நீங்களும் கவுணுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஆசையாக இருந்தால் எடுங்கள், அது வேறு விஷயம்.

எந்தச் சாறி என்பதில்தான் கவனம் வேண்டும். கொட்டாஞ்சேனையில் 30 வருடம் தையல் வகுப்பு நடத்தியவள், அதனால் கடலைப் பார்த்ததைவிடத் துணியைத்தான் அதிகம் பார்த்தேன். கப்பலுக்குள் அயனும் ஸ்டீமரும் கொண்டுபோக விடமாட்டார்கள். பையை ஸ்கேன் பண்ணும்போது கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் அன்றுதான் தருவார்கள். நடுக்கடலில் தீப்பிடிப்பதைப்போல் ஆபத்து வேறில்லை என்பதால் அந்தக் கட்டுப்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடுப்பைக் கொடுத்து அயன் பண்ணி வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு. ஆகையால் சுருங்காத துணியாகப் பார்த்து எடுக்கவேண்டும். அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு சாறியின் முந்தானை நுனியையும் கைக்குள் கசக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு 20 வரை எண்ணுங்கள். கையை விரித்ததும் துணி தானாக நிமிர்ந்தால் அது கப்பலுக்கு வரட்டும். கோடு கோடாகச் சுருக்கம் நின்றால் அது வீட்டில் இருக்கட்டும். ஜோர்ஜெட், கிரேப் எல்லாம் தேறும். கஞ்சி போட்ட கைத்தறி தேறாது. கூறைச்சாறியையும் கனத்த காஞ்சிபுரத்தையும் கசக்கிப் பார்க்கவே வேண்டாம், அவை இந்தப் பயணத்துக்கு இல்லை. ஃபோர்மல் இரவுக்குச் சின்னச் சரிகைக் கரை வைத்த மெல்லிய பட்டு ஒன்று போதும். அதை மடிக்காமல், பழைய மல் துணி ஒன்றை உள்ளே வைத்துச் சுருட்டுங்கள், மடிப்புத் தடம் விழாது.

அடுத்தது காற்று. மேல்தளத்தில் காலிமுகத்திடலில் வீசுவதைவிடக் கூடுதலாக வீசும், கப்பலும் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? மாமிக்குத் தோளில் இரண்டு ஊசி குத்தி, முந்தானையை முதுகால் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிடுங்கள். உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். வழுவழுப்பான சற்றின் துணிப் பாவாடைக்கு மேல் ஜோர்ஜெட் சாறி நிற்காது, நடக்க நடக்க வழுகும். இன்னொன்று, இதை நான் அங்கே போய்த்தான் கண்டுகொண்டேன்: அறையின் குளியலறை வாசலிலும், தளத்துக்குப் போகும் கதவடியிலும் நிலம் ஒரு சாண் அளவுக்குக்கூட உயர்ந்திருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நிலத்தில் முட்ட உடுத்தினால் கரை காலில் சிக்கும். வீட்டில் உடுத்துவதைவிட ஓர் அங்குலம் உயர்த்தி உடுத்தச் சொல்லுங்கள், கரையில் ஃபோல் பிரிந்திருந்தால் இப்போதே தைத்துவிடுங்கள். காலுக்கு, பின்வார் உள்ள றப்பர் அடிச் செருப்பு. ஈரத்தளத்தில் வெறும் பாட்டாச் செருப்போடு மாமியை நடக்கவிடாதீர்கள்.

மாமிக்குக் கணக்கு இதுதான்: விமானத்துக்குப் போகவும் வரவும் ஒரே சாறி, பகலுக்கு இரண்டு, அந்த ஒரு இரவுக்குப் பட்டு. சட்டை நாலு, உள்பாவாடை மூன்று, நைற்றி இரண்டு. ஒரு கம்பளிச் சால்வை கட்டாயம். சாப்பாட்டு மண்டபத்திலும் நிகழ்ச்சி நடக்கும் அரங்கிலும் ஏசி எலும்பு வரை குளிரும். உங்கள் எல்லோருக்குமே ஆளுக்கொரு மெல்லிய கார்டிகன் வேண்டும். நுவரெலியாவுக்குப் போடும் கட்டி ஸ்வெட்டர் வேண்டாம், இடத்தை அடைக்கும்.

இனி, எத்தனை உடுப்பு என்பதைவிட முக்கியமான ஒன்று. இந்தப் பயணத்தில் இரண்டு தடவை உங்கள் சூட்கேஸ் உங்களிடம் இருக்காது. ஏறும் அன்று துறைமுகத்திலேயே பெரிய பைகளை வாங்கி அட்டை கட்டிக் கொண்டுபோய்விடுவார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேர மணித்தியாலக் கணக்கில் ஆகும். எங்களுடைய ஒரு சூட்கேஸ் பின்னேரம் 4 மணிக்கு வந்தது, மற்றது இரவு 7 மணிக்கு. அந்த இரண்டாவது சூட்கேசுக்குள்தான் என் கணவருடைய பிரஷர் குளிசை இருந்தது. மத்தியானம் போடவேண்டிய குளிசை. நான் அறை வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் உங்கள் மாமிக்கு 71 வயது. குளிசை, மூக்குக்கண்ணாடி, கடவுச்சீட்டு, பிள்ளைகளின் நீச்சலுடை, ஆளுக்கொரு மாற்றுடுப்பு எல்லாம் கையில் கொண்டுபோகும் பையில் இருக்கவேண்டும். நீச்சலுடை ஏன் என்றால், ஏறிய உடனே பிள்ளைகள் தண்ணீரைக் கண்டுவிடுவார்கள், அந்த நேரத்தில் தடாகத்தில் கூட்டமும் குறைவு.

இரண்டாவது தடவை, இறங்குவதற்கு முதல் இரவு. நடுச்சாமத்துக்கு முன் சூட்கேஸை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், பிறகு அதைக் கரையில்தான் காணலாம். எங்கள் மகள் களைப்பில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டாள். விடியப் பார்த்தால் பேரனுக்குச் சப்பாத்து இல்லை. பிள்ளை என் பெரிய செருப்பை இழுத்து இழுத்து வரிசையில் நின்றான், நான் வெறும் சொக்ஸோடு நின்றேன். ஆகவே கடைசி இரவு சூட்கேஸை மூடுவதற்கு முன், மறுநாள் உடுப்பை உள்ளாடையிலிருந்து சப்பாத்து வரை ஆளாளுக்குக் கதிரையில் எடுத்து வையுங்கள். பிறகு மூடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அறை சின்னது, ஒருவர் அலுமாரியைத் திறந்தால் மற்றவர் கட்டிலில் ஏறி இருக்கவேண்டும். ஆனால் ஆளுக்கொரு பை என்று பிரிக்காமல், ஐந்து பேருக்கும் நடுத்தர அளவில் இரண்டு சூட்கேஸ் எடுத்து, ஒவ்வொருவரின் உடுப்பிலும் பாதியை ஒன்றிலும் பாதியை மற்றதிலும் வையுங்கள். ஒன்று பிந்தினாலும் ஒருவரும் முழுதாக மாட்டுப்படமாட்டீர்கள். வெறும் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போகும். அறைச் சுவர் அநேகமாக இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். புறக்கோட்டை இரும்புக் கடைகளில் நாலு வாங்கிப் போனால் தொப்பி, கைப்பை, ஈரத்துவாய் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

அவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. நீளக் காற்சட்டை இரண்டு, கொலர் வைத்த சேட் மூன்று, கட்டைக் காற்சட்டை ஒன்று, ரீசேட் இரண்டு. இரவுச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கட்டைக் காற்சட்டையும் கை இல்லாத பெனியனும் ஆகாது. சாரம் அறைக்குள் போதும். வேட்டியும் சேட்டும் அந்த ஃபோர்மல் இரவுக்கு அழகாக இருக்கும், தாயும் மகனும் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்கலாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் மகளின் பக்கம். பருத்தி ரீசேட்டோடும் பாவாடையோடும் தடாகத்தில் இறங்க அநேகமாக விடமாட்டார்கள், அது பாதுகாப்பும் இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய்ப் பிள்ளையைக் கீழே இழுக்கும். ஆனால் நீச்சலுடை என்றால் கையும் காலும் தெரிய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முழங்கை வரையோ மணிக்கட்டு வரையோ கை வைத்த மேற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான காற்சட்டையுமாக, நீச்சல் துணியிலேயே தைத்து விற்கிறார்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகையில் இருந்து ஒரு பாகைதான் மேலே, நம் வெயிலுக்குக் குறைந்த வெயில் இல்லை. தோலும் கருகாது, மாமியின் மனமும் ஆறும், மகளும் நீந்துவாள். கடைக்கு மூவரும் சேர்ந்து போங்கள்.

நீச்சலுடை நம் நாட்டிலேயே தைத்து ஏற்றுமதியாகிறது. மிஞ்சுவது கொழும்புக் கடைகளுக்கும் மஹரகம பமுணுவத் துணிச் சந்தைக்கும் வரும், ஆகவே விலை பார்த்து வாங்கலாம். வாங்கும்போது துணியை இரண்டு கையாலும் இழுத்துக் காதருகே பிடியுங்கள். சரசரவென்று உடைகிற சத்தம் கேட்டால் உள்ளே இலாஸ்டிக் செத்துவிட்டது, இரண்டாம் நாளே தொங்கும். மகளுக்குக் கடும் நிறத்தில் எடுங்கள். அவளுக்கு மாதநாள் வரும் காலம் என்றால் வேண்டியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், கப்பல் கடையை நம்பியிருக்க வேண்டாம். மகனுக்கு நீலமும் வெள்ளையும் கூடவே கூடாது. தண்ணீருக்குள் அந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. கடும் செம்மஞ்சள் அல்லது பளிச்சென்ற சிவப்பு எடுங்கள், கூட்டத்துக்குள்ளும் பிள்ளை எங்கே என்று ஒரு பார்வையில் தெரியவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு நீச்சலுடை. ஒன்று காயும்வரை மற்றது. குளியலறைக்குள் காயப்போட அநேகமாக ஒரு சின்னக் கயிறு இருக்கும், ஆனால் காற்றோட்டம் இல்லை. அதற்கு ஒரு வழி: காய்ந்த துவாயை நிலத்தில் விரித்து, ஈர உடுப்பை மேலே வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி அதற்கு மேல் முழங்காலால் அழுத்துங்கள். ஈரம் துவாய்க்குப் போய்விடும். பிறகு தொங்கவிட்டால் விடிய நைலோன் துணி காய்ந்திருக்கும். பருத்தி உள்ளாடை காயாது, அதை நாளுக்கொன்றுக்கு மேல் இரண்டு கூடுதலாக எடுங்கள். பல்கனி கிடைத்தாலும் அங்கே கம்பியில் துணி போடாதீர்கள், காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

டிசம்பரில் சிங்கப்பூரில் மழைக்காலம். மடக்குக் குடை இரண்டு வேண்டும். அலைக்குப் பயப்படாதீர்கள், பினாங்குக்குப் போகும் வழி மலாக்கா நீரிணை, சுமாத்திரா ஒரு பக்கமும் மலேசியா மறுபக்கமும் மதிலாக நிற்கின்றன.

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹம் துறையில் நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியா கிட்டத்தான், குயின் வீதியில் 1833ஆம் ஆண்டுக் கோயிலான மகா மாரியம்மன் இருக்கிறா. மாமியைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், சமதரையில் நடந்தே போகலாம். தண்ணீர்மலை முருகனும் அங்கேதான், ஆனால் 513 படி. அது நீங்களும் பிள்ளைகளும் போகும் இடம். அன்றைக்கு உங்களுக்கும் மகளுக்கும் பருத்திச் சுரிதார், அவருக்கும் மகனுக்கும் நீளக் காற்சட்டை என்று வையுங்கள், கோயிலுக்கும் சரி, வெயிலுக்கும் சரி. மத்தியானம் நடை சாத்திவிடக்கூடும், ஆகவே இறங்கியதும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

உங்களுக்கு என்று தனியாக எழுத மறந்துவிட்டேன் பாருங்கள். சுரிதார் மூன்று, சாறி ஒன்று, நீங்களும் தண்ணீரில் இறங்க ஒரு நீச்சலுடை. கரையில் கதிரையில் இருந்து எல்லோருடைய துவாயையும் பார்த்துக்கொண்டே மூன்று நாளையும் கழித்துவிடாதீர்கள், தங்கச்சி.

கேள்வி: ரீச்சர், நானும் கப்பல் பயணம் போகிறேன். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை. போட்டுக்கொண்டு போகலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கனத்த கொடி என்றால் வேண்டாம் பிள்ளை. தாலியை மட்டும் ஒரு மெல்லிய சங்கிலியிலோ மஞ்சள் கயிற்றிலோ கோத்துப் போட்டுக்கொண்டு, கொடியை எப்போதும் வைக்கும் இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். அறை அலுமாரிக்குள் இலக்கம் போட்டுப் பூட்டும் சின்னப் பெட்டி இருக்கும், தோட்டையும் வளையலையும் அதற்குள் வைக்கலாம். தடாகத்தில் இறங்கும்போது கல் வைத்த மோதிரத்தைக் கழற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். தண்ணீரில் போடும் குளோரினும் கலப்பு கூடிய தங்கத்துக்கு நல்லதில்லை.