சாயக் கழிவுநீரின் நிறத்தைச் சிரட்டைக் கரி நீக்குமா?

மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயமிடும் சிறு பட்டறையின் கழிவுநீரை, வீட்டில் சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியில் வடிகட்டினால் நிறம் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு குறையலாம், ஆனால் வெறும் கரி போதாது.

சாய மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால்தான் நிறம் குறைகிறது என்பதால், பரப்பு கூடக்கூடப் பலனும் கூடும். கரியை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் நீராவி செலுத்திக் கிளர்வூட்டும்போது உள்ளே நுண்துளைகள் திறந்து, ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கிறது. பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு: சிரட்டைக் கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டரை விடக் குறுகியவை. குளோரின் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு அவை பொருந்தும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களின் பெரிய மூலக்கூறுகளோ வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே அகன்ற துளைகளுள்ள, மரத்திலிருந்து செய்த கிளர்வூட்டிய கரியையே நான் பரிந்துரைப்பேன்.

முதலில் கழிவுநீரைத் துணியில் வடிகட்டி, காரத்தன்மையைச் சமன்செய்து, கண்ணாடிக் குப்பியில் கரித்தூளுடன் ஒரு மணி நேரம் குலுக்கித் தெளியவிட்டுப் பாருங்கள். நிறம் நீங்கினாலும், சாயம் ஏறுவதற்காகச் சேர்த்த உப்பைக் கரி தொடவே தொடாது என்பதால், அந்த நீரை வாய்க்காலில் விடக் கூடாது; சாயம் ஏறிய கரியையும் குப்பையில் கொட்டக் கூடாது.