மூன்று பேர் கேட்டார்கள், ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஐயா, புரட்டாசி பஜனையில் கம்மிய குரல் ஆறு வாரமாகியும் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப டாக்டர் "லேசான கரகரப்பு" என்றார், கிளினிக் சிஸ்டர் "ரொம்ப மோசம்" என்றார், பேச்சுப் பயிற்சியாளரோ "கரகரப்பைவிடக் காற்றுதான் ஒழுகுகிறது" என்றார். மூன்று பேருக்கும் பிடிபடவில்லை என்றால் புற்றுநோயாகத்தான் இருக்குமோ என்பதுதானே உங்கள் பயம்?

அவர்கள் ஆளுக்கொன்று சொன்னதை வைத்துப் பயப்படாதீர்கள். காதால் குரலை எடைபோட்டால் அப்படித்தான் வரும். ஜப்பானில் உருவான ஜிஆர்பிஏஎஸ் என்ற அளவுகோலில் மொத்தக் கோளாறு, கரகரப்பு, காற்றொழுகல், தளர்ச்சி, இறுக்கம் என ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். நல்ல குரல் என்றாலும் படுமோசமான குரல் என்றாலும், கேட்கிற நாங்கள் எல்லோரும் அதற்குப் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் போடுவோம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குரல்களில்தான் பிரிந்துபோவோம். மொத்தத்தில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதில் ஓரளவு ஒத்துப்போகிற காதுகள், இறுக்கம் எவ்வளவு என்று கேட்டால் முரண்படும். நானே முன்பு 1 போட்ட பதிவுக்கு இன்னொரு நாள் 2 போட்டிருக்கிறேன். சற்றுமுன் மிக மோசமான குரலைக் கேட்டிருந்தால் அடுத்தவர் குரல் தேவலை என்று தோன்றிவிடும், "ஆ" என்று இழுக்கச் சொல்லிக் கேட்பதும் பேசவிட்டுக் கேட்பதும் கூட ஒன்றல்ல. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே காது, ஒரே வாசகம், ஒரே மைக் என்று வைத்து ஒப்பிட்டால் இந்த மதிப்பெண் நன்றாகவே உதவும்.

ஆனால் காரணம் காதுக்குத் தெரியாது. குரல் நாணில் சாதாரண வீக்கம், சிறு கட்டி, ஒரு பக்க நாண் அசையாமல் போவது, ஆரம்பப் புற்று, எல்லாமே ஒரே மாதிரி கம்மலாகக் கேட்கலாம்.

எனக்கு வருத்தம் அங்கேதான். 61 வயது, இருபது வருடம் சிகரெட், ஆறு வாரக் கம்மல், இவ்வளவு இருந்தும் யாரும் உங்கள் தொண்டைக்குள் பார்க்கவில்லை! மூன்று நான்கு வாரம் தாண்டிய கம்மல் என்றாலே மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுக் குரல் நாண்களைப் பார்த்தாக வேண்டும், புகைபிடித்தவர் என்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. சில நிமிட வேலை, மயக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் சாதாரணமான ஒன்றுதான் தெரியும். அப்படியே புற்றாக இருந்தாலும், குரல் நாணில் வருவது சீக்கிரமே குரலைக் கம்மவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் குணமாகிறது.

கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், விழுங்கும்போது வலி வந்தால் உடனே சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் குரலுக்கு ஃபோன் ஆப் கொடுத்த 63 மதிப்பெண்ணை அழித்துவிடுங்கள், அதை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது. இஞ்சி, தேன் குடித்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. மகளுக்கு மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்கியது மட்டும் எனக்குக் கோபமூட்டுகிறது, இனி தொடாதீர்கள்.

இந்த வாரமே குடும்ப டாக்டரிடம் போய் காது மூக்கு தொண்டை மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள், ஆறு வாரக் கம்மல், முன்பு புகைபிடித்தவர் என்ற இரண்டும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அப்புறம், குழாய் விட்டுப் பார்த்து முடிக்கும்வரை கோயிலில் தேவாரத்தை வேறு யாராவது பாடட்டும்.